ஃப்ரட்டர்னிட்டி, சொராரிட்டி உறுப்பினர்கள் ஒதுங்கிப்போகாமல் இருக்க முன்கூட்டியே திட்டமிடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஃப்ரட்டர்னிட்டி என்பது ஆண் மாணவர்களின் சங்கம், சொராரிட்டி என்பது பெண் மாணவர்களின் சங்கம். ஒவ்வொரு வளாகத்திலும் உள்ள கிளையை சாப்டர் என்பார்கள். சேரும்போது இருக்கும் ஆர்வம் இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் வடிந்துவிடுவது சாப்டர்களின் பழைய நோய். அங்கே பொறுப்புக்கு வந்திருக்கும், வரப்போகும் மாணவர்கள் கேட்கும் கேள்விகளும் பதில்களும் இங்கே.

உறுப்பினர்கள் எப்போது ஒதுங்குகிறார்கள்? ஏன்?

சோம்பேறித்தனம் என்று முடிவுகட்டுவது எளிது. பெரும்பாலும் அது தவறு. முதல் சரிவு, உறுப்பினராக ஏற்கும் சடங்கு முடிந்த கையோடு வருகிறது. அதுவரை வாரா வாரம் வகுப்பு, சந்திப்பு, கவனிப்பு என்று இருந்தது. மறுநாள் முதல் எதுவும் இல்லை. அடுத்தது, பதவிக்காலம் முடிந்ததும். ஓராண்டு முழுக்க ஓடி உழைத்த பொருளாளருக்கு ஜனவரியில் செய்ய ஒன்றுமே இருக்காது. மூன்றாம் ஆண்டில் வளாகத்துக்கு வெளியே வாடகை வீடு, பயிற்சி வேலை, மேற்படிப்புத் தேர்வு என்று வாழ்க்கை வேறு பக்கம் திரும்புகிறது. இவை அனைத்துக்கும் அடியில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத காரணம் ஒன்று உண்டு: பணம். அதைப் பின்னால் தனியாகப் பார்ப்போம்.

மார்ச்சில் ஆள் குறைந்துவிட்டது என்று மார்ச்சில் பீட்சா வாங்கிக் கொடுத்துப் பயனில்லை. அந்த மார்ச்சைக் கெடுத்தது, முந்தைய நவம்பரில் போடாமல் விட்ட திட்டம்.

அடுத்த செமஸ்டருக்கான வேலையை எப்போது தொடங்க வேண்டும்?

பல சாப்டர்களில் நிர்வாகிகளின் பதவிக்காலம் ஜனவரி முதல் டிசம்பர் வரை. தேர்தலை நவம்பர் முதல் பாதியிலேயே நடத்திவிடுங்கள். டிசம்பருக்குத் தள்ளினால் செமஸ்டர் இறுதித் தேர்வு குறுக்கே வரும். புதியவர்கள் வெறும் கையோடு விடுமுறைக்குப் போய், ஜனவரியில் வந்து அவசரத்தில் அள்ளித் தெளித்த கோலமாக எதையாவது போடுவார்கள்.

தேர்தல் முடிந்த பிறகு மூன்று வாரமாவது பழைய நிர்வாகியும் புதியவரும் சேர்ந்தே வேலை செய்ய வேண்டும். கைமாற வேண்டியவை: கணக்குகளின் கடவுச்சொற்கள், சென்ற ஆண்டு ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஆன உண்மையான செலவு, மண்டபம், பேருந்து, உணவு ஏற்பாட்டாளர்களின் தொடர்பு எண்கள், எந்தப் படிவம் எந்த அலுவலகத்துக்கு எத்தனை நாள் முன்னதாகப் போக வேண்டும் என்ற குறிப்பு. இவற்றோடு ஒரு பக்கத்தில், ‘எது சொதப்பியது, ஏன்’ என்று எழுதி வாங்குங்கள். அந்தப் பக்கம்தான் மிகவும் பயன்படும்.

வங்கிக் கையெழுத்து மாற்றத்தைக் குளிர்கால விடுமுறைக்கு முன்பே முடித்துவிடுங்கள். பழையவரும் புதியவரும் நேரில் வர வேண்டும் என்று வங்கி சொல்லலாம். பழைய பொருளாளர் ஜனவரியில் வெளிநாட்டுப் படிப்புக்குப் போய்விட்டால், காசோலை எழுத ஆள் இருக்காது. மண்டபத்துக்கு முன்பணம் கட்ட முடியாது. முதல் நிகழ்ச்சியே ரத்தாகும்.

டிசம்பர் முதல் வாரத்தில் நாட்காட்டி வரைவு தயாராக வேண்டும். ஜனவரியில் வகுப்பு தொடங்குவதற்கு முந்தைய வார இறுதியில் நிர்வாகிகள் மட்டும் கூடுங்கள். அதற்கு அடுத்த வார இறுதியில் முழு சாப்டரும் கூடலாம். முழுக் கூட்டம் ஐந்து மணி நேரத்துக்கு மேல் போக வேண்டாம்.

இலையுதிர் செமஸ்டருக்கு இதே வேலையை ஏப்ரலில் செய்ய வேண்டும். மே மாதம் ஆள்கள் சிதறிவிடுவார்கள். பல தென் மாநிலப் பல்கலைக்கழகங்களில் சொராரிட்டி ஆள்சேர்ப்பு ஆகஸ்டில், வகுப்பு தொடங்குவதற்கு முன்பே நடக்கிறது. அதற்கான ஒத்திகைக்கு உறுப்பினர்கள் ஒரு வாரம் முன்னதாகத் திரும்ப வேண்டியிருக்கும். விமானச் சீட்டு வாங்கும் முன்பே, அதாவது ஏப்ரலிலேயே, தேதி அவர்கள் கையில் இருக்க வேண்டும்.

நாட்காட்டியில் முதலில் எதைப் போடுவது?

உங்கள் நிகழ்ச்சிகளை அல்ல. முதலில் பல்கலைக்கழகத்தின் தேதிகள்: இடைத்தேர்வு வாரங்கள், இறுதித் தேர்வு, வேலைவாய்ப்புக் கண்காட்சி, முன்னாள் மாணவர்கள் வளாகத்துக்குத் திரும்பி வந்து கொண்டாடும் ஹோம்கமிங், பெற்றோர் வார இறுதி. அடுத்து மத நாள்கள்: யூதர்களின் ரோஷ் ஹஷானா, யோம் கிப்பூர், பிறகு தீபாவளி, ரமலான் நோன்பு, ஈஸ்டர். இவற்றில் பல ஆண்டுதோறும் நகரும். பழைய நாட்காட்டியை நகலெடுத்தால் இங்கேதான் இடறும். நோன்பு மாதத்தில் மாலை ஆறு மணி விருந்து வைத்துவிட்டு, முஸ்லிம் உறுப்பினர் வரவில்லை என்று வருகைக்கான புள்ளியைக் குறைப்பது நிஜமாகவே நடக்கிறது.

மூன்றாவதாக உங்கள் தேசிய அமைப்பின் தலைமையகமும், வளாகத்திலுள்ள சாப்டர்களின் கூட்டமைப்பான கவுன்சிலும் விதித்த கெடுக்கள். நான்காவதாகத்தான் உங்கள் சாப்டரின் நிகழ்ச்சிகள். இறுதித் தேர்வுக்கு முந்தைய இரண்டு வாரங்களைக் காலியாக விடுங்கள். இடைத்தேர்வு வாரத்தில் கூட்டம் தவிர வேறெதுவும் வேண்டாம். இரண்டு பெரிய நிகழ்ச்சிகளுக்கு நடுவே பத்து நாளாவது இடைவெளி இருக்கட்டும்.

முடிந்ததும் எல்லாருடைய கைபேசியிலும் தெரியும் பொது நாட்காட்டியில் ஏற்றிவிடுங்கள். குரூப்மீ என்ற குழு அரட்டைச் செயலியில் படமாகப் போட்டால் இரண்டு நாளில் முந்நூறு செய்திகளுக்கு அடியில் புதைந்துவிடும். நாட்காட்டி வெளிவந்த பிறகு கட்டாய நிகழ்ச்சி ஒன்றைச் சேர்க்க வேண்டுமானால் குறைந்தது 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்று துணை விதியிலேயே எழுதிவிடுங்கள். வேலைக்குப் போகும் மாணவர்கள் ஷிஃப்டை மாற்றிக்கொள்ள அவ்வளவு அவகாசம் தேவை. இந்த ஒரு விதியே பல சண்டைகளைத் தடுக்கும்.

எத்தனை நிகழ்ச்சிகளைக் கட்டாயமாக்கலாம்?

எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், மணிக்கணக்கைப் பாருங்கள். 15 வார செமஸ்டருக்கு, ஒரு சாதாரண உறுப்பினரிடம் வாரத்துக்குச் சராசரி 3 மணி நேரம், மொத்தம் 45 மணி நேரத்துக்கு மேல் கேட்க வேண்டாம். ஒரு மாதிரிக் கணக்கு: 50 நிமிட வாராந்தரக் கூட்டம் 13 முறை, ஏறத்தாழ 11 மணி. ஆண்டுத் தொடக்க முழுக்கூட்டம் 5. அறநிதி திரட்டும் வாரத்தில் மூன்று மணி நேர ஷிஃப்ட் இரண்டு, ஆக 6. சடங்குகளும் நிறுவனர் நாளும் சேர்ந்து 6. ஆள்சேர்ப்பு 8. பல்கலைக்கழகம் கட்டாயமாக்கிய பயிற்சிகள் 3. கூட்டினால் 39. மீதி 6 மணி நேரம் குழு வேலைக்கு. இதில் கேளிக்கை எதுவும் சேரவில்லை என்பதைக் கவனியுங்கள். கேளிக்கையைக் கட்டாயமாக்கினால் அது கேளிக்கையாக இருக்காது.

நிர்வாகிகள் செய்யும் வழக்கமான தவறு, ஒவ்வொரு குழுத் தலைவரும் ‘என் நிகழ்ச்சி ஒன்றுதானே’ என்று ஒன்றைச் சேர்ப்பது. பன்னிரண்டு தலைவர்கள், பன்னிரண்டு ‘ஒன்று’. புதிதாக ஒன்றைச் சேர்க்க விரும்புபவர் பழையதில் எதை எடுக்கலாம் என்றும் சொல்ல வேண்டும் என்று வைத்துவிடுங்கள்.

புள்ளி முறை, அபராதம் இவை உதவுமா?

நிகழ்ச்சிக்கு வந்தால், வேலை செய்தால் புள்ளி கொடுக்கும் முறை ஓரளவுக்கு உதவும். அபராதம் பெரும்பாலும் கெடுக்கும். 25 டாலர் அபராதம் நான்கு சேர்ந்தால் 100 டாலர் கடன். கடன் இருப்பவர் கூட்டத்துக்கு வர வெட்கப்படுவார். வராததற்கு மீண்டும் அபராதம். ஆளைத் துரத்த இதைவிட நல்ல வழி இல்லை.

புள்ளி முறை வைத்தால், தேர்ந்தெடுக்கும் வசதி கொடுங்கள். செவிலியர் படிப்பில் மருத்துவமனைப் பயிற்சி இருக்கும் நாளில்தான் உங்கள் கூட்டம் என்றால், அவர் வேறு வழியில் புள்ளி சேர்க்க இடம் இருக்க வேண்டும். கிடைக்கக்கூடிய புள்ளிகளில் 60 சதவீதம் போதும் என்று வையுங்கள். ஐந்தாவது வாரத்திலும் பத்தாவது வாரத்திலும் கணக்கைப் பார்த்து, பின்தங்கியவரிடம் தனியாகச் சொல்லுங்கள். கடைசி வாரத்தில் பட்டியலை ஒட்டினால் யாரும் எதையும் திருத்திக்கொள்ள முடியாது. கியூஆர் குறியீட்டை வாசலில் ஒட்டினால் ஸ்கேன் செய்துவிட்டு நழுவுவார்கள். நிகழ்ச்சி முடிவில் காட்டுங்கள். பரிசு, ஆசைப்படும்படி இருக்க வேண்டும். சாப்டர் வீட்டில் அறை தேர்வு செய்யும் வரிசை, கார் நிறுத்தும் இடம், ஃபார்மல் நடன விருந்துக்கான சீட்டு ஆகியவற்றுக்கு ஆள்கள் உண்மையாகவே போட்டி போடுவார்கள். சான்றிதழுக்கு யாரும் வரமாட்டார்கள்.

பதவி இல்லாதவர்களை எப்படி ஈடுபடுத்துவது?

எங்கள் கணிப்பில் இதுதான் மையக் கேள்வி. 60 பேர் சாப்டரில் 14 பேருக்குப் பதவி இருந்தால் மீதி 46 பேர் பார்வையாளர்கள். ‘எள்’ என்றால் எண்ணெயாக நிற்கும் நான்கைந்து பேரே எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுக்கொள்வார்கள். மற்றவர்கள் தாங்கள் இல்லாமலே எல்லாம் நடக்கிறது என்று உணர்ந்த அன்றே மனதளவில் வெளியேறிவிடுவார்கள்.

ஆளைக் கூட்டத்தில் உட்கார வைப்பதைவிட, அவர் செய்யாவிட்டால் நடக்காத ஒரு சின்ன வேலையைக் கொடுப்பது நல்லது. அந்த வேலைக்கு ஒரு பெயர், ஒரு கெடு, அதிகபட்சம் இரண்டு மூன்று மணி நேரம் இருக்க வேண்டும். டி-ஷர்ட் அளவு திரட்டி ஆர்டர் கொடுப்பது. உணவு ஒவ்வாமைப் பட்டியல் வைத்திருப்பது. சேவை நாளன்று யார் காரில் யார் என்று பிரிப்பது. முன்னாள் உறுப்பினர்களுக்குப் போகும் மடலில் ஒரு பத்தி எழுதுவது. இடைத்தேர்வுக்கு ஒரே பாடம் எடுப்பவர்களை ஒன்றுசேர்ப்பது. ஜனவரிக் கூட்டத்தில் இப்படி 46 வேலைகளைச் சுவரில் ஒட்டி, ஆளுக்கு ஒன்றை அவர்களையே எடுக்கச் சொல்லுங்கள். ‘தன்னார்வலர் தேவை’ என்று பொதுவாகக் கேட்டால் அதே நான்கைந்து கைகள்தான் உயரும்.

குழுக்களில் ஐந்து பேருக்கு மேல் போடாதீர்கள். பன்னிரண்டு பேர் குழுவில் மூன்று பேர் வேலை செய்வார்கள், ஒன்பது பேர் அதைப் பார்ப்பார்கள்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு என்ன செய்வது?

சேர்ப்பு நிகழ்ச்சி முடியும் முன்பே, முடிந்த பிறகான ஆறு வாரங்களுக்குத் திட்டம் இருக்க வேண்டும். பிக்–லிட்டில் ஜோடிகளுக்கு (வழிகாட்டும் மூத்த உறுப்பினர் ‘பிக்’, புதியவர் ‘லிட்டில்’) மாதம் இருமுறை சந்திப்பு, ஒவ்வொரு புதியவருக்கும் ஒரு குழுவில் இடம், முதல் தேர்தலில் நிற்கக்கூடிய ஓரிரண்டு உதவிப் பதவிகள், இவை போதும்.

தேசிய அமைப்புகள் சில இந்தச் சரிவை வேரிலேயே சரிசெய்ய முயன்றன. சிக்மா ஃபை எப்சிலான் 1991இல் பழைய தகுதிகாண் காலத்தை எடுத்துவிட்டு, நான்காண்டும் நிலைநிலையாகத் தொடரும் வளர்ச்சித் திட்டத்தைக் கொண்டுவந்தது. சிக்மா ஆல்ஃபா எப்சிலான் 2014இல் தகுதிகாண் காலத்தை ஒழித்தது. முதல் எட்டு வாரத்தில் எல்லாவற்றையும் கொட்டித் தீர்க்காமல் பட்டமளிப்பு வரை பரப்புவது என்ற எண்ணத்தை எந்த சாப்டரும் எடுத்துக்கொள்ளலாம்: இரண்டாம் ஆண்டினருக்குப் பொறுப்பேற்கும் பயிற்சி, மூன்றாம் ஆண்டினருக்கு நேர்காணல் ஒத்திகை, நான்காம் ஆண்டினருக்குச் சம்பளப் பேச்சு, வாடகை ஒப்பந்தம், வரி.

ஓர் எச்சரிக்கை. ‘ஈடுபாட்டைக் காட்டட்டும்’ என்று புதியவர்களை மட்டும் பாத்திரம் கழுவ, கார் ஓட்ட, இரவில் கண்விழிக்க வைப்பது ஹேஸிங், அதாவது சேர்வதற்கு விலையாகப் புதியவர்களைத் துன்புறுத்தும் ராகிங், ஆகிவிடும். 2024 டிசம்பரில் கையெழுத்தான ‘ஸ்டாப் கேம்பஸ் ஹேஸிங் ஆக்ட்’ என்ற கூட்டாட்சிச் சட்டம், பாதிக்கப்பட்டவர் மனமுவந்து ஒத்துக்கொண்டார் என்பதை ஒரு சாக்காக ஏற்பதில்லை. விதிமீறிய மாணவர் அமைப்புகளைப் பற்றிப் பல்கலைக்கழகம் வெளிப்படையாக அறிக்கை தரவும் வேண்டும். பழைய உறுப்பினர்களும் சரிசமமாகச் செய்யாத வேலையைப் புதியவர் பட்டியலில் வைக்காதீர்கள்.

கட்டணம் கட்ட முடியாதவர்கள்?

கூட்டத்துக்கு வராமல் போனவரின் கணக்கை முதலில் பாருங்கள். பல சமயம் பாக்கி இருக்கும். செமஸ்டர் கட்டணம் 600 டாலர் என்று வைத்துக்கொள்வோம். அதை ஒரே தவணையில் கேட்காமல் 150 டாலராக நான்கு தவணையில் வாங்குங்கள். முதல் தவணையைக் கல்வி நிதியுதவி மாணவர் கைக்கு வந்த பிறகு வையுங்கள். தவணை வேண்டுமென்றால் தலைவரிடம் விண்ணப்பிக்க வேண்டும் என்று வைக்காமல் எல்லாருக்கும் பொதுவாக வைத்தால், கேட்கும் கூச்சம் இல்லை.

அதைவிடப் பெரிய எரிச்சல், பட்டியலில் இல்லாத செலவு. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் 20, 25 டாலரில் ஒரு டி-ஷர்ட், பிக்–லிட்டில் பரிசுக் கூடை, நடன விருந்துக்கான உடை. இவற்றையும் சேர்த்து ‘இந்த ஆண்டு உண்மையில் எவ்வளவு ஆகும்’ என்ற தொகையை ஆள்சேர்ப்பின்போதே சொல்லிவிடுங்கள். பரிசுக் கூடைக்கு உச்சவரம்பு வையுங்கள். பட்ஜெட்டில் 3 முதல் 5 சதவீதத்தைச் சிரமத்தில் இருப்பவர்களுக்காக ஒதுக்கி, யாருக்குப் போகிறது என்பது பொருளாளருக்கும் ஆலோசகருக்கும் மட்டும் தெரியும்படி வைக்கலாம்.

வாராந்தரக் கூட்டமே சலிப்பாக இருக்கிறதே?

அறிக்கை வாசிப்பதை நிறுத்துங்கள். நிர்வாகிகளின் அறிக்கை முந்தைய நாள் மாலைக்குள் எழுத்தில் வந்துவிட வேண்டும். கூட்டத்தில் வருகைக்கு 5 நிமிடம், வாக்கெடுப்புக்கு 10, ஒரே ஒரு விவாதத்துக்கு 20, அடுத்த இரண்டு வார வேலைகளுக்கு 10, நன்றி சொல்ல 5. வாக்கெடுப்பை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு: கடைசியில் வைத்தால் பாதிப் பேர் கிளம்பியிருப்பார்கள், குறைந்தபட்ச வருகை இல்லாமல் தீர்மானம் செல்லாது.

பத்துப் பன்னிரண்டு பேரே உள்ள சாப்டருக்கு இதெல்லாம் பொருந்துமா?

அப்படியே பொருந்தாது. தெற்காசிய மாணவர்கள் தொடங்கிய அமைப்புகளில் இந்த அளவு சாப்டர்கள் சகஜம். தமிழ்ப் பிள்ளைகளையும் இவற்றில் பார்க்கலாம். 1994இல் பிங்ஹாம்டனில் அயோட்டா நு டெல்டா, 1996இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் சிக்மா பீட்டா ரோ, 1998இல் ஆஸ்டினில் டெல்டா எப்சிலான் சை, கப்பா ஃபை காமா, அதே ஆண்டில் ஹூஸ்டனில் டெல்டா ஃபை ஒமேகா என்று இவை தோன்றின. இங்கே சிக்கல் தலைகீழ்: பார்வையாளர்களே இல்லை, எல்லாரும் மூன்று பதவி சுமக்கிறார்கள். ஒதுங்கலுக்குக் காரணம் வேலையின்மை அல்ல, களைப்பு. அதே ஆள்கள்தான் இந்திய மாணவர் சங்கத்திலும் நடனக் குழுவிலும் இருப்பார்கள்.

எனவே பெரிய சாப்டரின் நிகழ்ச்சிப் பட்டியலை நகலெடுக்காதீர்கள். செமஸ்டருக்கு ஒரு பெரிய நிகழ்ச்சி, ஒரு சேவை, ஒரு ஆள்சேர்ப்பு, அவ்வளவுதான். விதி அனுமதித்தால் பதவிகளை இணையுங்கள். பெரிய நிகழ்ச்சியை இன்னொரு சாப்டரோடு சேர்ந்து நடத்தினால் செலவும் உழைப்பும் பாதியாகும். யார் எந்த ஆண்டில் பட்டம் பெறுகிறார்கள் என்று இரண்டாண்டுக்கு ஒரு பட்டியல் போடுங்கள். பன்னிரண்டு பேரில் ஆறு பேர் ஒரே மே மாதத்தில் போகிறார்கள் என்பது முந்தைய மேயிலேயே தெரிய வேண்டும்.

நான்காம் ஆண்டு மாணவர்கள் வருவதே இல்லை. கட்டாயப்படுத்தலாமா?

வேண்டாம். கட்டாய மணிகளைப் பாதியாக்கி, அவர்களுக்கே தெரிந்த ஒன்றைக் கேளுங்கள்: வேலை தேடிய அனுபவம், தேர்தலில் நிற்பவர்களுக்கு ஆலோசனை. கறுப்பின மாணவர்களின் ஒன்பது அமைப்புகளில் பட்டம் பெற்ற பிறகும் ஊர்தோறும் முன்னாள் மாணவர் சாப்டர்கள் இயங்குகின்றன. உறுப்பினராக இருப்பது கல்லூரியோடு முடிவதில்லை என்ற எண்ணம் அங்கே முதல் நாளிலேயே பதிகிறது. மற்றவர்கள் குறைந்தபட்சம், ஏப்ரலில் தனி மின்னஞ்சல் முகவரியும் போகும் ஊரும் வாங்கி, அங்குள்ள ஒரு முன்னாள் உறுப்பினரோடு இணைத்துவிடலாம். பல்கலைக்கழக மின்னஞ்சல் காலாவதியானால் தொடர்பு அறுந்துவிடும்.

ஒருவர் மூன்று முறை வரவில்லை. யார் பேசுவது?

ஒழுங்குக் குழுத் தலைவர் வேண்டாம். அவருடைய பிக் அல்லது அவரோடு சேர்ந்தவர்களில் ஒருவர் பேசட்டும். குழு அரட்டையில் அல்ல, நேரில், காபி குடித்தபடி. ‘ஏன் வரவில்லை’ என்று கேட்டால் சாக்கு வரும்; ‘இந்த செமஸ்டர் எப்படிப் போகிறது’ என்று கேட்டால் விஷயம் வரும். மதிப்பெண் சரிந்திருக்கலாம், வீட்டில் பிரச்சினை இருக்கலாம். மனநெருக்கடி என்று தெரிந்தால் ரகசியம் காக்கிறேன் என்று வாக்குக் கொடுக்காமல் வளாக ஆலோசனை மையத்தில் சேர்த்துவிடுங்கள். 988 என்ற மனநெருக்கடி உதவி எண் அமெரிக்கா முழுக்க எந்நேரமும் கிடைக்கும். மதிப்பெண் விவரத்தை, மாணவர் பதிவுகளின் ரகசியத்தைக் காக்கும் 1974ஆம் ஆண்டின் ஃபெர்ப்பா சட்டப்படி, மாணவர் கையெழுத்திட்ட ஒப்புதல் இல்லாமல் பல்கலைக்கழகம் உங்களுக்குத் தராது. ஒப்புதல் படிவத்தைச் சேரும்போதே கேட்டு வாங்குங்கள்.

முன்கூட்டியே முன்னாள் உறுப்பினர் தகுதிக்கு மாற விரும்பினால், பல அமைப்புகளில் அதற்குத் தலைமையகத்தின் அனுமதி வேண்டும். ‘சரி, போ’ என்று சாப்டர் வாய்வார்த்தையாக அனுப்பிவிட்டால், அவர் பெயரில் தலைமையகக் கட்டணம் தொடர்ந்து ஏறி, கடைசியில் சாப்டர் தலையில் விழும்.

செமஸ்டர் பாதி போய்விட்டது, திட்டம் எதுவும் இல்லை. இப்போது என்ன செய்யலாம்?

மீதமுள்ள கட்டாய நிகழ்ச்சிகளில் இரண்டை ரத்து செய்து, இந்த வாரமே அறிவியுங்கள். உறுப்பினர் பட்டியலை நிர்வாகிகள் பிரித்துக்கொண்டு, ஆளுக்கு ஐந்து பேரைப் பத்து நாளுக்குள் பதினைந்து நிமிடம் நேரில் சந்தியுங்கள். இரண்டே கேள்விகள்: எதை விட்டுவிடலாம், எதைச் செய்ய உங்களுக்குப் பிடிக்கும். பதில்களை ஒரே தாளில் தொகுத்து அடுத்த கூட்டத்தில் வையுங்கள். அந்தத் தாளில் ஒரு விஷயத்தையாவது இரண்டு வாரத்துக்குள் செய்து காட்டுங்கள். இல்லாவிட்டால் அடுத்த முறை யாரும் மனம்திறந்து பதில் சொல்லமாட்டார்கள். தேர்தல் தேதியை அன்றே முடிவுசெய்து நாட்காட்டியில் போட்டுவிடுங்கள்.